எட்டாம் வகுப்போடு நின்றுபோன மதிய உணவு: பாலக்காட்டு எல்லையோரத்தில் ஒரு மாணவியின் இரத்தசோகை

இந்த ஆய்வில் வரும் மாணவிக்கு அப்போது 14 வயது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். பெயர், பள்ளி, ஊர் எதையும் தரவில்லை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நான் அந்தப் பகுதிப் பள்ளிகளில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். "மதியத்துக்கு மேல் தூங்கி வழிகிறாள், கேட்டால் வாயே திறப்பதில்லை, ஏதாவது காதல் விவகாரமா என்று பாருங்கள்" என்று சொல்லித்தான் வகுப்பாசிரியை அவளை என்னிடம் அனுப்பினார்.

காதல் எதுவும் இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. பேச்சுவாக்கில், வீட்டில் யாரும் பார்க்காதபோது அரிசியை அள்ளி மெல்லுவதையும் சொன்னாள். அரிசி, சாம்பல், சாக்பீஸ் என்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளங்களில் ஒன்று. ஆஷா பணியாளரோடு பக்கத்துக் குடும்ப சுகாதார மையத்துக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் 8.7 கிராம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8க்குக் கீழே போனால் தீவிரம். அவள் அந்தக் கோட்டுக்கு மிகப் பக்கத்தில் நின்றாள்.

இரத்தசோகை உள்ள பெண்பிள்ளைகள் நம் நாட்டில் அபூர்வம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இவளைப் பற்றித் தனியாக எழுதுவதற்குக் காரணம் வேறு. இவளைச் சுற்றி அரசுத் திட்டங்களுக்குக் குறைவே இல்லை. ரேஷன், பள்ளிச் சாப்பாடு, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை, அங்கன்வாடி, நூறு நாள் வேலை, எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எல்லைக்கோட்டில் இவளை விட்டுவிட்டு நின்றிருந்தது. அந்தக் கோடுகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

குடும்பம்

அப்பாவும் அம்மாவும் ஆனைமலைப் பக்கத்தில் இருந்து தோப்பு வேலைக்கு வந்தவர்கள். இவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது எல்லையைத் தாண்டி வந்து, ஒரு தென்னந்தோப்பிலேயே காவலுக்குக் குடியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தேங்காய் போடும் வேலை, உரிக்கும் வேலை. அம்மாவுக்குக் கிடைத்த நாளில் கூலி. தம்பி ஆறாம் வகுப்பு. மேற்கே மழை கொட்டினாலும் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம், அதனால் கூலி வேலையும் சீராக இராது.

காலையில் ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரவில் சோறு, ரசம் அல்லது புளிக்குழம்பு. இரவுச் சோற்றை அவளேதான் ஆக்குவாள், கடைசியாகத்தான் சாப்பிடுவாள். மதியத்துக்கு? "அவளுக்கு மத்தியானம் பசிக்கறதே இல்லைன்னு சொல்றாளுங்க டீச்சர்" என்றார் அம்மா. உண்மையில், காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அந்த நேரத்துக்கு டிபன் டப்பாவில் போட ஒன்றும் இருக்காது. அம்மா சங்கடப்படக்கூடாது என்று மகள் சொல்லிவைத்த பொய் அது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

போன வருடம் வரை அவளுக்கு மதியச் சாப்பாடு இருந்தது. எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் சோறு, பருப்பு, காய், வாரத்தில் இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த அன்றோடு அது நின்றது. அதே பள்ளிக்கூடம், அதே அடுப்பு, அதே சமையல்கார அக்கா. தம்பி வரிசையில் நின்று சாப்பிடுகிறான், இவள் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறாள்.

இது பள்ளியின் குற்றமே இல்லை. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே மதிய உணவு உரிமையை எட்டாம் வகுப்பு வரை, அல்லது 6 முதல் 14 வயது வரை என்றுதான் எழுதியிருக்கிறது. 2021இல் பி.எம். போஷன் என்று பெயர் மாறிய மத்தியத் திட்டத்தின் பணமும் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. அந்தத் திட்டத்தின் கணக்குப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளையில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் போய்ச் சேர வேண்டும். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாள் முழுவதற்கும் தேவை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்னது சுமார் 2,400 கலோரி, 43 கிராம் புரதம். அப்படியானால், திட்டம் சொன்னபடி நடந்திருந்தால், ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த அன்று இவள் இழந்தது ஒரு பள்ளி நாளின் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, புரதத்தில் ஏறக்குறையப் பாதி.

அதே வயதில்தான் தேவை ஏறுகிறது. மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இரும்புச்சத்து நாளுக்கு 30 மில்லிகிராம் வேண்டும், அதே வயது ஆண்பிள்ளைக்கு 22 போதும். இது நம் பாட்டிமார்களுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்த சங்கதி. இவள் வயசுக்கு வந்தபோது ஆனைமலையில் இருந்து அப்பத்தா வந்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் முட்டையுமாக ஊட்டியிருக்கிறார். "தின்னு அம்மிணி, இப்பத் தின்னாத்தான் இடுப்புல தெம்பு நிக்கும்" என்பாராம். சீர் முடிந்து அப்பத்தா ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கவனிப்பைத் தொடர வீட்டில் வசதி இல்லை, பள்ளியில் விதி இல்லை.

நீல மாத்திரை எங்கே போனது

இங்கேதான் இந்த நிகழ்வின் முக்கியமான முடிச்சு இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின்படி 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கூடவே வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரை. பள்ளிப் பதிவேட்டில் இவள் பெயருக்கு நேராக வாரா வாரம் டிக் இருந்தது. பையைத் திறந்து காட்டச் சொன்னபோது ஜியாமெட்ரி பெட்டிக்குள் மாத்திரைகள் சேர்ந்து கிடந்தன.

"போட்டா வயித்தப் பொரட்டுது டீச்சர். ஒரு தடவ கிளாஸ்லயே வாந்தி எடுத்துட்டேன். எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க."

கல்யாணம் ஆகாத பெண் வகுப்பில் வாந்தி எடுத்தால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று இவளுக்குத் தெரியும். அதன் பிறகு அவள் மாத்திரையை வாயில் வைப்பதுபோல் வைத்துக் கையில் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மதிய உணவு கிடைக்கும் வகுப்புகளில் உண்டதும் மாத்திரை தருவது இயல்பாக நடந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் மாத்திரை மட்டும் வருகிறது, அதைத் தாங்க வேண்டிய சோறு வருவதில்லை. சாப்பாட்டுத் திட்டம் ஒரு துறையில், மாத்திரைத் திட்டம் இன்னொரு துறையில். இரண்டின் அறிக்கையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்தால்தான் முதலாவது நின்ற இடத்தில் இரண்டாவதும் நின்றுவிட்டது தெரிகிறது. மாத்திரை வழங்கியதை மட்டும் எண்ணும் எந்தப் பதிவேடும் இதைக் காட்டாது.

எல்லை தாண்டாத ரேஷன்

குடும்பத்தின் ரேஷன் அட்டை தமிழ்நாட்டு அட்டை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் கேரளம் 2020 ஜனவரியிலும் தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. அப்படியிருக்க இங்கே உள்ள கடையில் ஏன் அரிசி வாங்கவில்லை? அப்பா ஒருமுறை முயன்றிருக்கிறார். விரல் வைத்தார், இயந்திரம் ஏற்கவில்லை, திரும்பிவிட்டார். இயந்திரக் கோளாறு என்றே நினைத்திருந்தார்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். என்.பி.எச்.எச். என்று இருந்தது, அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம். தமிழ்நாட்டுக்குள் இருக்கும்வரை இந்த எழுத்துகளுக்கு யாரும் கவனம் கொடுப்பதில்லை. அங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது, முன்னுரிமை அட்டைக்கும் இந்த அட்டைக்கும் இலவச அரிசி கிடைக்கிறது, மாநில அரசு தன் காசைப் போட்டுக் கொடுக்கிறது. ஆனால் மாநிலம் தாண்டிச் செல்லுபடியாவது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டைகளும், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளும் மட்டும். அதிலும் அரிசி, கோதுமை மட்டும். கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழ்நாட்டுக் கடையோடு நின்றுவிடும். என் கணக்கில் இந்தக் குடும்பத்துக்கு அரிசியைவிடப் பெரிய இழப்பு அந்தப் பருப்புதான். வெளிச்சந்தை விலையில் பருப்பு வாங்க முடியாமல்தான் குழம்பு ரசமாகிவிட்டிருந்தது.

மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பா ஆனைமலைக்குப் பஸ் ஏறுவார். தேங்காய் வெட்டு நடக்கும் மாதத்தில் அதுவும் முடியாது. வாங்கினாலும் மூட்டையாகக் கொண்டுவரப் பயம். ரேஷன் அரிசி கடத்தலுக்குப் பேர்போன வழிகள் இவை: வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். தன் சொந்த அட்டைக்கு வாங்கிய அரிசியைக் கட்டைப்பையில் பாதி பாதியாகப் பிரித்து, துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். "திருட்டு அரிசி மாதிரி கொண்டு வரணுங்க" என்றார். உழைத்துத் தின்கிற ஒரு மனிதர் இப்படிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்த அரிசியிலும் ஒரு சத்து வீணாகிக்கொண்டிருந்தது. ரேஷனில் அப்போது வந்தது செறிவூட்டிய அரிசி. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு செறிவூட்டிய மணிகள், கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலமும் பி12ம். அந்த மணிகள் நிறத்தில் கொஞ்சம் வேறுபடும், கழுவும்போது மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மா "பிளாஸ்டிக் அரிசி" என்று முறத்தில் புடைத்துப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் நாளுக்கு 300 கிராம் அரிசி தின்றால் அதிலிருந்து 8 முதல் 13 மில்லிகிராம் வரை இரும்பு வந்திருக்கும். யாரோ அவருக்குத் தமிழில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 2023 பிப்ரவரியில் கேரள அரசு தொடங்கிய விவா கேரளம் இரத்தசோகை இயக்கத்தின் துண்டறிக்கை இவர்கள் வீட்டில் இருந்தது. மலையாளத்தில் இருந்தது. மகள் படிப்பாள், அம்மாவுக்குத் தெரியாது.

மற்ற கோடுகள்

இவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு அங்கன்வாடி வழியாக நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் தரும் ஒரு மத்தியத் திட்டம் இருக்கிறது. கேட்கவே இவளுக்காக எழுதியது போலிருக்கும். ஆனால் அது வடகிழக்கு மாநிலங்களுக்கும், பின்தங்கியவை என்று மத்திய அரசு நாடெங்கும் தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களுக்கும்' மட்டும். கேரளத்தில் வயநாடு, தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும். பாலக்காடும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை.

பட்டியல் சாதிக் குடும்பம்தான். ஆனால் பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுத்த 1950ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு மாநிலம் மாறி வந்தவர்களுக்கு இங்கே அந்தச் சலுகைகள் கிடைக்காது. ஆக, சாப்பாட்டோடு கூடிய அரசு விடுதி என்ற கதவும் அடைபட்டது. தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கல்லூரிப் பெண்களுக்கு உண்டு, ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அந்த மாநிலத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நாளை இவள் பொள்ளாச்சியில் கல்லூரி சேர்ந்தாலும் அது வராது. பத்தாவது முடித்ததும் மாமன் வீட்டில் பெண் கேட்கிறார்கள் என்ற பேச்சு வீட்டில் லேசாக ஓடிக்கொண்டிருந்தது. படிப்பைத் தொடர ஒரு காரணமாக அந்த ஆயிரம் ரூபாயைக் காட்ட முடியாமல் போனது எனக்கு வருத்தம்.

என்ன செய்தோம், என்ன மாறியது

சுகாதார மைய மருத்துவர் முதலில் இரத்தப் பூச்சுப் பரிசோதனை எழுதினார். இதே மாவட்டத்தின் அட்டப்பாடியில் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய் உண்டு, வெளிறிய பிள்ளை எல்லாம் இரும்பு குறைந்த பிள்ளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது இல்லை என்று தெளிவானதும் தினம் இரண்டு மாத்திரை, மூன்று மாதம். சாப்பிட்ட பிறகு மட்டும், டீயோடு வேண்டவே வேண்டாம். குடற்புழு மாத்திரையும் கொடுத்தார். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். இந்த ஒரு வரியைச் சொல்லாததால் மாத்திரையை நிறுத்திய பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்தை எழுதிவிட்டால் அதற்கு முன் சோறு எங்கிருந்து வரும்? எட்டாம் வகுப்பு வரைக்கான அரிசியை எடுத்து இவளுக்குப் போட முடியாது, அது வருகைக் கணக்கோடு கட்டுப்பட்டது, தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் விஷயத்தை வைத்தோம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பாசிரியர்கள் சத்தமில்லாமல் கணக்கெடுத்தார்கள். தனியாக அரிசியும் பயறும் வாங்கி, அதே அடுப்பில், கஞ்சியும் பயறுமாகத் தொடங்கியது. தோப்புக்காரர் ஒருவர் தேங்காய் தந்தார். முருங்கைக்கீரைக்கு இங்கே பஞ்சமே இல்லை. "இல்லாதவர்கள்" என்று தனி வரிசை வேண்டாம், விருப்பப்பட்ட யாரும் உட்காரலாம் என்று வைத்தோம். பதினான்கு வயதுப் பெண் பசியைப் பொறுத்துக்கொள்வாள், அவமானத்தைப் பொறுக்க மாட்டாள். தனி வரிசை வைத்திருந்தால் இவள் வந்தே இருக்க மாட்டாள்.

மாத்திரையைக் கஞ்சி குடித்த பிறகு, ஆசிரியை முன்னால், எல்லோரும் சேர்ந்து போடுவதாக மாற்றினோம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 9.9. மூன்று மாத முடிவில் 11.3. பன்னிரண்டைத் தொடவில்லை. ஆனால் அரிசி மெல்லும் பழக்கம் அதற்கு முன்பே போய்விட்டது, மாலையில் தூக்கமும் குறைந்தது.

வீட்டில் அம்மா பொறுக்குவதை நிறுத்தினார். காலை டீக்குப் பதில் கம்பங்கூழ் வைக்க முடியுமா என்று கேட்டேன். கம்பில் நூறு கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு, இரவே கரைத்துப் புளிக்க வைத்தால் உடம்பில் சேர்வதும் கூடும். "அது எங்க ஊர்ச் சாப்பாடுதானுங்களே, இங்க வந்துதான் விட்டுப்போச்சு" என்றார். ஞாயிறுகளில் மட்டுமாவது வைக்கிறார்.

ரேஷன் நீண்ட கதை. தமிழ்நாட்டு அட்டையில் இருந்து பெயர் நீக்கி, அந்தச் சான்றோடு அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் கேரள அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். முதலில் கிடைப்பது வெள்ளை அட்டை, அதில் அரிசி குறைவு, கிலோ 10 ரூபாய் 90 காசு. இலவச அரிசி வரும் பிங்க் அட்டைக்கு அரசு விண்ணப்பம் கூப்பிடும் காலத்தில் தனியாக மனுப் போட வேண்டும். நடுவில் சில மாதம் இரண்டு மாநிலத்து அரிசியும் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி முன்பே சொல்லித்தான் முடிவெடுக்கச் சொன்னேன். அந்த மாதங்களைத் தாங்கியது அம்மாவுக்குக் கிடைத்த தொழிலுறுதி வேலை, அதாவது நூறு நாள் வேலை. பஞ்சாயத்தில் வேலை அட்டை வாங்கினார், 2024-25இல் நாள் கூலி 346 ரூபாய். அந்தப் பணம் அம்மாவின் கணக்கில் வந்ததால் முட்டை வாங்கும் முடிவும் அம்மாவிடம் வந்தது. வாங்குகிற முட்டையில் மகளுக்கும் ஒன்று உண்டு என்பது இந்த வீட்டில் புதிது.

ஒரு நியாயமான கேள்வி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு, பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. ஆந்திராவிலும் பத்து வரை உண்டு, 2025 ஜனவரி முதல் அரசு ஜூனியர் கல்லூரிகளுக்கும் நீட்டியிருக்கிறார்கள். ஆனால் 15 முதல் 19 வயதுப் பெண்களின் இரத்தசோகை தமிழ்நாட்டில் 52.9 சதவீதம், ஆந்திராவில் 60.1, எட்டோடு நிறுத்தும் கேரளத்தில் 32.5. அப்படியானால் சாப்பாட்டை நீட்டி என்ன பயன் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்.

கேரளத்தின் எண்ணுக்குக் காரணம் பள்ளிச் சாப்பாடு மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுத் தட்டில் மீன் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, அம்மா எவ்வளவு படித்தவர், எல்லாம் அதில் சேரும். சராசரி நன்றாக இருக்கும் மாநிலத்தில் சராசரிக்கு வெளியே நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், இவள் அப்படி நின்றவள். அடுத்து, சோறும் முட்டையும் மட்டும் இரும்பைத் தராது. முட்டை நல்ல புரதம், அதில் இரும்பு மிகக் குறைவு. தமிழ்நாட்டுத் தட்டும் கீரை, பயறு, சிறுதானியம் பக்கம் போக வேண்டியிருக்கிறது. ஆனால் வயிற்றில் ஒரு வேளைச் சோறு இல்லாமல் மாத்திரை இறங்காது என்பதை இந்தப் பெண்ணின் ஜியாமெட்ரி பெட்டியில் நான் பார்த்தேன். அந்தச் சோற்றின் செலவையும் பார்க்கலாம். 2025 மே முதல் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, தானியம் நீங்கலாக, திட்டம் ஒதுக்குவது நாளுக்கு 10 ரூபாய் 17 காசு. 200 பள்ளி நாள் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 2,000 ரூபாய்.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. பிங்க் அட்டை இன்னும் வரவில்லை. கஞ்சி, பெற்றோர் கழகத்தின் கையிருப்பு உள்ளவரை ஓடும். கேரளத்தில் பல பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு தருகின்றன, அதே நிதியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மதிய உணவு கேட்டு மனு தயாராக இருக்கிறது. கோடை விடுமுறையில் மாத்திரையை அங்கன்வாடி வழியாகத் தர வேண்டும், வெளிமாநில அட்டை வைத்திருக்கும் குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்பவையும் அதில் உண்டு. கிராம சபை அறிவிப்பைத் தமிழிலும் தர வேண்டும் என்று கடைசியாகச் சேர்த்திருக்கிறோம். அந்தச் சபையில் இவளுடைய அம்மா பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.